பெரே: சாய்தொப்பியும் அதன் நிறங்களும்

படைவீரர்கள் ஒரு பக்கமாகச் சாய்த்து அணியும், விளிம்பில்லாத மென்மையான கம்பளித் தொப்பிக்குப் பிரெஞ்சு மொழியில் பெரே என்று பெயர். ஆங்கில எழுத்துகளைக் கண்டபடியே ஒலித்ததால் நம்மிடையே அது பெரட் ஆயிற்று. பிற்கால இலத்தீனில் முக்காடுள்ள மேலங்கியைக் குறித்த பிர்ருஸ் என்னும் சொல்லே, பிரான்சின் தென்மேற்கில் வழங்கும் காஸ்கோன் மொழியின் வழியாகத் தொப்பியின் பெயராகத் திரிந்தது.

பைரனீஸ் மலை இடையர்களின் இத்தொப்பியை 1889 இல் பிரெஞ்சு மலைப்படையினர் ஏற்றனர். பிரிட்டனின் டாங்கிப் படை 1924 இல் கறுப்பு பெரேயைச் சீருடையாக்கியது; விளிம்புள்ள தொப்பி டாங்கியின் குறுகிய வாயிலில் இடிக்கும் என்பதும், எண்ணெய்க் கறை கறுப்பில் தெரியாது என்பதுமே காரணங்கள். தேவை கருதித் தேர்ந்த நிறம் பின்னர் பெருமையின் அடையாளமாயிற்று. இந்தியாவின் கவசப் படையினரும் இன்று கறுப்பையே அணிகின்றனர்.

புதிய பெரேயை நீரில் நனைத்துத் தலையில் வைத்து, சின்னம் இடக்கண்ணுக்கு மேலே நிற்கும்படி அமைத்து, எஞ்சிய துணியை வலக்காதை நோக்கி நீவிவிட்டுக் காயவிட்டால்தான் அது அணிபவரின் தலைக்குப் படியும். இந்தச் சாய்வே அதன் தனித்தன்மை என்பதால், சாய்நாற்காலியைப் போலச் சாய்தொப்பி என்று இதைச் சொல்லலாம் என்பது என் கருத்து. வினைத்தொகையாதலால் இடையே வல்லினம் மிகாது. வட்டத் தொப்பி, கம்பளித் தொப்பி என்பவை வேறு பல தொப்பிகளுக்கும் பொருந்திவிடுகின்றன.

நிறத்தைப் பெயர்ப்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். வான்குடை (பாராசூட்) படையினரின் மெரூன் நிறத்தைச் செய்திகளில் சிவப்பு என்று எழுதிவிடுகிறோம். இந்தியத் தரைப்படையில் சிவப்பு பெரே இராணுவக் காவற்படைக்கு உரியது. மெரூனோ, கடுமையான தகுதிகாண் பயிற்சியைக் கடந்த வான்குடை வீரர் உழைத்துப் பெற்றது. ஒரு சொல் பிசகினால் அவருடைய உழைப்பே மறைந்துபோகிறது. புடவைக் கடையில் நாம் நாள்தோறும் சொல்லும் அரக்கு நிறம் என்னும் சொல் இருக்க, இந்தக் குழப்பம் தேவையில்லை. அரக்குநிறச் சாய்தொப்பி என்றே எழுதலாம்.

ஐ.நா. அமைதிப் படையின் இளநீலம் 1956 இல், எகிப்தின் சூயஸ் கால்வாயை முன்னிட்டு மூண்ட போர் நெருக்கடியின்போது வந்தது. நீல பெரேக்கள் உரிய நேரத்தில் கிடைக்காததால், அமெரிக்கத் தலைக்கவசங்களின் உள்ளோடுகளுக்கு நீலச் சாயம் தெளித்து அனுப்பினார்கள். அமைதிப் படையினர் போரிடும் எந்தத் தரப்பையும் சேர்ந்தவர் அல்லர் என்று தொலைவிலிருந்தே தெரிய வேண்டும் என்பதே நோக்கம்; ஆகவே நிறம்தான் முதன்மை, தொப்பியின் வடிவம் அன்று. அப்படையில் பணிபுரியும் சீக்கிய வீரர்கள் அதே இளநீலத்தில் தலைப்பாகை கட்டுகின்றனர். அவர்களையும் சேர்த்துச் சுட்டும் இடத்தில் நீலத் தொப்பியினர் என்பதை விட அமைதிப் படையினர் என்பதே பொருந்தும்.