உங்கள் மாநில உரிமம் பாலம் தாண்டாது

டெலவேர் ஆற்றின் மேற்குக் கரையில் பென்சில்வேனியாவின் பக்ஸ் கவுன்ட்டி. கிழக்குக் கரையில் நியூ ஜெர்சி. மேற்குக் கரையில் குடியிருக்கும் ஒருவர் குடும்பத்தோடு பாலத்தைக் கடந்து பிரிட்ஜ்வாட்டர் வேங்கடேஸ்வரர் கோயிலுக்கு வந்துகொண்டிருந்தார். பின்விளக்கு ஒன்று எரியவில்லை என்று காவலர் வண்டியை நிறுத்தினார். டாஷ்போர்டு பெட்டிக்குள், கார்ப் பதிவுச் சான்றுக்கு அடியில், தோட்டா நிரப்பிய கைத்துப்பாக்கி இருந்தது. அதைக் காவலரிடம் சொன்னவரே அவர்தான். பர்ஸிலிருந்து, துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லும் பென்சில்வேனியா உரிமத்தையும் எடுத்து நீட்டினார். ஷெரீப் அலுவலகத்தில் 20 டாலர் கட்டி முறையாக வாங்கிய, இன்னும் காலாவதியாகாத உரிமம் அது. சற்று நேரத்தில் கையில் விலங்கு ஏறியது. பின் இருக்கையில் பட்டுப்பாவாடையோடு உட்கார்ந்திருந்த மகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மாற்றாமல் விட்டாலும் யார் என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. ஏனென்றால் இதே சம்பவம் வேறு வேறு ஆட்களுக்கு நடந்து என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கிறது. நான் நியூ ஜெர்சியில் குற்றவியல், குடியேற்ற வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். துப்பாக்கி வைத்திருப்பது நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் நான் வரவில்லை. வைத்திருப்பது என்று முடிவு செய்துவிட்ட தமிழர்கள் இப்போது நிறையப் பேர். அவர்கள் சிறைக்குப் போகக் கூடாது என்பதுதான் என் கவலை.

கைதானவர்கள் எல்லோரும் முதல் சந்திப்பில் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: "என்கிட்ட லைசென்ஸ் இருக்கு சார்." ஓட்டுநர் உரிமத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். டெக்சாஸில் வாங்கிய ஓட்டுநர் உரிமத்தோடு மெய்ன் வரை ஓட்டலாம். எல்லா மாநிலமும் ஏற்கும். துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லும் உரிமத்துக்கு அப்படி ஓர் ஏற்பாடு கிடையாது. மத்திய அரசு அந்த உரிமத்தை வழங்குவதில்லை. ஒரு மாநிலத்தின் உரிமத்தை இன்னொரு மாநிலம் மதித்தே ஆகவேண்டும் என்ற மத்தியச் சட்டமும் இல்லை. ஒவ்வொரு மாநிலமும் யாருடைய உரிமத்தை ஏற்பது, யாருடையதை மறுப்பது என்று தானே முடிவு செய்கிறது. நியூ ஜெர்சி வேறு எந்த மாநிலத்தின் உரிமத்தையும் ஏற்பதில்லை. நியூயார்க்கும் மேரிலாந்தும் கலிஃபோர்னியாவும் அப்படியே. நியூயார்க்கில் இன்னொரு படி மேலே: அதே மாநிலத்தின் ஆல்பனியில் வாங்கிய உரிமம்கூட நியூயார்க் நகரத்துக்குள் தனி அனுமதி இல்லாமல் செல்லாது. மாநிலத்துக்குள்ளேயே இந்த நிலை என்றால் மாநிலம் விட்டு மாநிலம் எப்படிச் செல்லும்?

இதைப் படித்ததும் ஒருவர் கேட்பார், "யூட்டா உரிமம் வாங்கினால் முப்பது மாநிலங்களில் செல்லுமாமே?" வார இறுதியில் ஒரு விடுதிக் கூடத்தில் நான்கு மணி நேர வகுப்பு, கைரேகை, புகைப்படம் கொடுத்தால் யூட்டாவிலிருந்து உரிமம் தபாலில் வரும். யூட்டாவுக்கு ஒரு தடவைகூடப் போகாமலே வாங்கலாம். ஐந்து ஆண்டு செல்லும். ஃபுளோரிடாவும் வெளிமாநிலத்தவருக்கு உரிமம் தருகிறது. அது ஏழு ஆண்டு. இரண்டும் உண்மையான உரிமங்கள்தான், மோசடி எதுவும் இல்லை. ஆனால் அவற்றை ஏற்கும் மாநிலங்களின் பட்டியலில் நியூ ஜெர்சியும் நியூயார்க்கும் இல்லை. மிச்சிகனும் கொலராடோவும் வெளிமாநில உரிமத்தை ஏற்கின்றன, ஆனால் உரிமம் கொடுத்த மாநிலத்திலேயே குடியிருப்பவரிடம் இருந்தால் மட்டும். பென்சில்வேனியாவே 2013-இல் ஃபுளோரிடாவின் வெளிமாநிலத்தவர் உரிமத்தைத் தன் குடிமக்களிடமிருந்து ஏற்பதை நிறுத்திவிட்டது. எந்தெந்த மாநிலம் ஏற்கும் என்று வகுப்பில் காட்டும் வண்ண வரைபடத்தை நம்பிப் புறப்படாதீர்கள். அது அச்சான நாளுக்குப் பிறகு எத்தனை மாநிலங்கள் மனம் மாறின என்று அந்தத் தாளுக்குத் தெரியாது.

அடுத்த தப்பெண்ணம் படித்தவர்களிடம் அதிகம். 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் புரூயன் வழக்கில் தீர்ப்புச் சொன்னதே, இனி உரிமமே தேவையில்லையே என்பார்கள். தீர்ப்பு சொன்னது வேறு. உரிமம் கேட்பவரிடம் "உனக்கு மட்டும் என்ன தனித் தேவை" என்று நியூயார்க் மாநிலம் கேட்க முடியாது என்றது. உரிம முறையை அது ஒழிக்கவில்லை. மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஒரே நாளில் தந்த இரண்டு தீர்ப்புகளைப் பாருங்கள். இரண்டிலும் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் பக்கத்து நியூ ஹாம்ப்ஷயர்வாசிகள். அங்கே 2017 முதல் உரிமம் இல்லாமலே எடுத்துச் செல்லலாம். வெளிமாநிலத்தவருக்கு உரிமம் கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம் என்றிருந்த பழைய சட்டம் அரசியலமைப்புக்கு முரண் என்று முதல் வழக்கைத் தள்ளுபடி செய்தது நீதிமன்றம். தகுதி இருந்தால் கொடுத்தே ஆகவேண்டும் என்று 2022-இல் திருத்திய சட்டம் செல்லும் என்று இரண்டாம் வழக்கைத் தொடர அனுமதித்தது. அதாவது, விண்ணப்பிக்க வழி இருக்கும்போது விண்ணப்பிக்காமலே துப்பாக்கியோடு வந்தால் வழக்கை எதிர்கொள்ள வேண்டும். மாசசூசெட்ஸில் அந்தக் குற்றத்துக்குக் குறைந்தபட்சமே 18 மாதச் சிறை.

நியூ ஜெர்சியில் இன்னும் கடுமை. உரிமம் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருப்பது இரண்டாம் நிலைக் குற்றம். ஐந்து முதல் பத்து ஆண்டு சிறை. கிரேவ்ஸ் சட்டத்தின்படி குறைந்தது 42 மாதம் பரோலே கிடையாது. 2013-இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஓர் இளம் தாய், பென்சில்வேனியா உரிமத்தோடு அட்லான்டிக் சிட்டி நெடுஞ்சாலையில் நிறுத்தப்பட்டு, துப்பாக்கி இருப்பதைத் தானே சொல்லிக் கைதானார். நாடே பேசிய வழக்கு. அதன் சூட்டில் 2014-இல் மாநிலத் தலைமை வழக்கறிஞர், இப்படிப்பட்டவர்களிடம் சிறையை வற்புறுத்தாமல் மாற்றுத் திட்டங்களைப் பார்க்கும்படி அரசு வழக்கறிஞர்களுக்கு வழிகாட்டினார். 2015-இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி அந்தப் பெண்ணுக்கு மன்னிப்பு வழங்கினார்.

அந்தக் கதையைச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்த வருகிற கிரீன் கார்டுக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெண் அமெரிக்கக் குடிமகள். உங்களுக்கு அந்த மன்னிப்பு கிடைத்தாலும் போதாமல் போகலாம். குடியேற்றச் சட்டத்தில் துப்பாக்கிக் குற்றம் நாடு கடத்துவதற்குத் தனிக் காரணம். நாட்டுக்குள் வந்து எத்தனை ஆண்டு ஆனாலும், தண்டனை ஒருநாள் சிறைகூட இல்லாமல் முடிந்தாலும் அது பொருந்தும். ஆளுநரின் மன்னிப்பு சில வகைக் குற்றங்களுக்கு நாடு கடத்தலிலிருந்து காக்கும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. அந்தப் பட்டியலில் துப்பாக்கிக் குற்றம் இல்லை. மாநிலச் சட்டத்தின் வாசகத்தை வைத்து இதை எதிர்த்து வாதாட நுணுக்கமான வழிகள் உண்டு, நாங்கள் வாதாடத்தான் செய்கிறோம். ஆனால் அதற்குள் தடுப்புக் காவல், வேலை இழப்பு, வீட்டுக் கடன் என்று ஒரு குடும்பம் சிதைந்துபோகிறது. அரசு வழக்கறிஞர் நீட்டும் சமரசத்தை உடனே ஏற்றுக் குற்றத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். குடியேற்றச் சட்டம் தெரிந்த ஒருவர் அந்தக் காகிதத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களிடம் எனக்கு நயமாகப் பேச வராது. நீங்கள் விண்ணப்பமே போட வேண்டாம். தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடுக்கிறது. உச்சபட்சத் தண்டனை 15 ஆண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு என்பது உண்மை. அந்த விலக்கைப் பிடித்துக்கொண்டு துப்பாக்கி வாங்கிவிட்டு, பிறகு மாநிலத்துக்கு மாநிலம் எடுத்துச் செல்ல உரிமம் தேடுகிறவர்களைப் பார்க்கிறேன். வேட்டை உரிமம் காலாவதியாகும் நாளில் வீட்டு அலமாரியில் இருக்கும் துப்பாக்கியே குற்றமாகிவிடும். பயிற்சிக் கூடத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் "வைத்திருப்பது"தான். ஃபுளோரிடாவில் மாணவர் விசாவில் வந்து, கல்லூரி நீக்கியதால் அந்தத் தகுதியை இழந்த ரெஹைஃப் என்பவர் மீதான வழக்கு அப்படித்தான் தொடங்கி 2019-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. தன் குடியேற்ற நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். சட்டம் தெரியாது என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. அறையைப் பகிர்ந்துகொள்ளும் நண்பர் துப்பாக்கி வைத்திருந்தால், உங்கள் கைக்கு எட்டாதபடி அவர் பூட்டி வைக்கட்டும்.

சரி, நீங்கள் குடிமகன் அல்லது நிரந்தரவாசி. வேலைக்காக வாரம் மூன்று நாள் பக்கத்து மாநிலத்துக்குப் போகிறீர்கள். உடன் எடுத்துச் செல்லவும் விரும்புகிறீர்கள். எந்த மாநிலத்துக்குள் போகிறீர்களோ அந்த மாநிலத்திடமே வெளிமாநிலத்தவர் உரிமம் கேளுங்கள். வேறு குறுக்கு வழி எதுவும் இல்லை. மாசசூசெட்ஸில் அது மாநிலக் காவல்துறையின் கையில். கட்டணம் 100 டாலர், ஓராண்டுக்கு மேல் செல்லாது. நியூ ஜெர்சியிலும் வெளிமாநிலத்தவர் மாநிலக் காவல்துறையிடம்தான் போக வேண்டும். 2022 டிசம்பர் சட்டப்படி 200 டாலர், உறவினர் அல்லாத நான்கு பேரின் நற்சான்று, சுடும் தேர்வு. அந்தச் சட்டத்தின் சில பகுதிகள் நீதிமன்றத்தில் இருப்பதால், விண்ணப்பிக்கும் அன்று மாநிலக் காவல்துறையின் இணையதளத்தைப் பாருங்கள், நண்பரின் வாட்ஸ்அப் செய்தியை அல்ல. இல்லினாய் எல்லா மாநிலத்தவரையும் விண்ணப்பிக்கவே விடுவதில்லை. தன் சட்டத்தை ஒத்த சட்டம் உள்ள சில மாநிலங்களுக்கு மட்டும்தான் கதவு திறக்கிறது.

பயிற்சிச் சான்று அந்த மாநிலம் ஏற்கும் பயிற்றுநரிடம் வாங்கியதாக இருக்க வேண்டும். சொந்த மாநிலத்துச் சான்றை இணைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்து, திரும்பி வந்த உறையோடு என்னிடம் வருவார்கள். வயதானவர்களுக்குக் கைரேகை தெளிவாக விழாது. எடுக்கும்போதே அதைச் சொல்லி, மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

விண்ணப்பத்தில் பொய் எழுதாதீர்கள். கேள்வி "தண்டிக்கப்பட்டீர்களா" என்றா, "கைது செய்யப்பட்டீர்களா" என்றா என்று நிறுத்திப் படியுங்கள். தள்ளுபடியான வழக்கும் கைதுதான். நம்மவர்கள் பெரும்பாலும் மறைப்பது குடும்ப வன்முறைத் தடை உத்தரவை. "அது வீட்டு விஷயம், சமாதானமாகிவிட்டோம்" என்பார்கள். நீங்கள் சமாதானமானதால் உத்தரவு தானாக ரத்தாகாது. விசாரணைக்குப் பின் பிறப்பித்த அத்தகைய உத்தரவு நடப்பில் இருக்கும்போது துப்பாக்கி வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். 2024-இல் ரஹிமி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை உறுதி செய்தது. மறைத்தால் விண்ணப்பம் போவதோடு, உறுதிமொழியின் பேரில் பொய் சொன்ன வழக்கும் சேரும். குடியுரிமைக்கு மனுப் போடும்போது அதே பொய் இன்னொரு மேசையில் வந்து உட்காரும்.

விண்ணப்பம் நிலுவையில் இருப்பது உரிமம் ஆகாது. ரசீது கையில் இருக்கிறது என்று எடுத்துச் செல்லாதீர்கள். உரிமம் வந்த பிறகும், அந்த மாநிலத்தின் மற்ற விதிகள் உங்களுக்கும் உண்டு. நியூ ஜெர்சியிலும் மாசசூசெட்ஸிலும் நியூயார்க்கிலும் பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின் (துப்பாக்கியில் செருகும் தோட்டாக் கூடு) கூடாது. முனையில் குழி உள்ள தோட்டாவை நியூ ஜெர்சி தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. உரிமமே தேவையில்லாத மாநிலங்களிலும் வெளிமாநிலத்தவர் உரிமம் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பள்ளியிலிருந்து ஆயிரம் அடிக்குள் துப்பாக்கி கூடாது என்கிற மத்தியச் சட்டத்தில், அந்தப் பள்ளி இருக்கிற மாநிலமே உரிமம் கொடுத்திருந்தால்தான் விலக்கு. ஒரு நகரத்தின் குறுக்கே வண்டி ஓட்டினால் எத்தனை பள்ளிகளைக் கடப்பீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

நடுவில் ஒரு மாநிலத்தைக் கடந்து போவதற்கு மட்டும் 1986-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் உங்களுக்கு அனுமதி இருக்க வேண்டும். தோட்டா இல்லாமல், பூட்டி, டிக்கியில் வைத்து, கடந்துகொண்டே போக வேண்டும். நடுவில் உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு இதைக் காட்ட முடியாது.

விமானத்தில் போகிறவர்கள் 2005-இல் நியூ ஜெர்சியின் நூவர்க் விமான நிலையத்தில் மாட்டிய யூட்டாக்காரர் ரெவெலின் வழக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். பென்சில்வேனியா போக வேண்டியவர், இணைப்பு விமானத்தைத் தவறவிட்டார். முறைப்படி பதிவு செய்து அனுப்பிய பெட்டியை வாங்கிக்கொண்டு விடுதியில் ஓர் இரவு தங்கினார். மறுநாள் காலை மறுபடி முறைப்படி துப்பாக்கியை அறிவித்தபோது கைதானார். இரவெல்லாம் பெட்டி அவர் கைக்கு எட்டும்படி இருந்ததால் மத்தியச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை என்று 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் விமானமும் இப்படி நின்றுபோனால் பெட்டியைக் கையில் வாங்காதீர்கள். வாங்குவதற்கு முன்பே விமான நிறுவன ஊழியரையோ விமான நிலையக் காவலரையோ கூப்பிட்டு, துப்பாக்கி இருப்பதைச் சொல்லி, மறுநாள் வரை அவர்கள் பொறுப்பிலேயே வைத்திருக்கக் கேளுங்கள்.