பேக்கப் சர்வருக்குத் தனிப் பெட்டி வேண்டுமா?

மதுரை விளக்குத்தூண், தெற்கு மாசி வீதிப் பக்கத்து ஜவுளி மொத்தக் கடைகளில் கணினி ஏற்பாடு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மாடியில் சின்ன ஏசி அறை, ஒரு சர்வர், ஒரு யுபிஎஸ். அந்த ஒற்றை சர்வருக்குள் மூன்று நான்கு விர்ச்சுவல் மெஷின்கள் (சுருக்கமாக விஎம், கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினி): ஒன்றில் டேலி, ஒன்றில் பில்லிங் டேட்டாபேஸ், இன்னொன்றில் பொதுவான ஃபைல்கள். பேக்கப், அதாவது தரவுக்கு மாற்று நகல் எடுத்து வைப்பது பற்றிப் பேச்செடுத்தால் கடைக்காரர் கேட்பது இதுதான்: "அண்ணே, அதுக்குத் தனியா ஒரு பெட்டி எதுக்கு? இதுலயே இன்னொரு விஎம் போட்டுரலாம்ல?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரே கணினியைப் பல கணினிகளாகக் காட்டும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். ஐபிஎம் இதை 1960களிலேயே தன் பெரிய கணினிகளில் செய்துவிட்டது. 2005, 2006 வாக்கில் இன்டெலும் ஏஎம்டியும் இதற்கான வசதியைப் பிராசசருக்குள்ளேயே வைத்தன. 2007இல் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர் சேர்ந்தது. விஎம்களை நடத்த இலவசமாகக் கிடைக்கும் பிராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருள் அந்தக் கேவிஎம்மை வைத்துத்தான் ஓடுகிறது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விஎம் தன்னுடைய ஹார்டு டிஸ்க் என்று நினைத்துக்கொண்டிருப்பது, வெளியிலிருந்து பார்த்தால் பெரிய டிஸ்க்கில் ஒதுக்கப்பட்ட ஒரு பகுதி, பல இடங்களில் வெறும் ஒரு ஃபைல். பேக்கப் சர்வரையும் விஎம்மாகப் போட்டு, அதன் டிஸ்க்கையும் அங்கேயே ஒதுக்கினால், மூலமும் நகலும் ஒரே தட்டுகளில் எழுதப்படுகின்றன.

ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை நிறுத்தாமல் நகலெடுப்பது எப்படி என்பது இதில் அழகான பகுதி. பிராக்ஸ்மாக்ஸில் பேக்கப் தொடங்கும் நொடியில் டிஸ்க் எப்படி இருந்ததோ அந்த நிலைதான் நகலாக வேண்டும். ஆனால் பில் போடுவது நிற்காதே! அதனால், இன்னும் நகலெடுக்காத ஓர் இடத்தில் பில்லிங் மென்பொருள் புதிதாக எழுத வந்தால், ஹைப்பர்வைசர் அதைக் கொஞ்சம் காக்க வைக்கிறது. அந்த இடத்தின் பழைய தரவை முதலில் பேக்கப் சர்வருக்கு அனுப்புகிறது, அப்புறம்தான் புதியதை எழுத விடுகிறது. ஆகவே பேக்கப் சர்வர் மெதுவாக இருந்தால், பேக்கப் முடிய நேரமாகிறது என்பதோடு போகாது. கீழே கவுன்ட்டரில் பில் போடுகிறவரின் திரையும் நின்று நின்று ஓடும். இந்தச் சிக்கலுக்காகவே 2024இல் வந்த பிராக்ஸ்மாக்ஸ் 8.2 பதிப்பில், பழைய தரவை முதலில் உள்ளூர் டிஸ்க்கில் ஓரமாக வைத்துக்கொள்ளும் வழி சேர்க்கப்பட்டது.

பேக்கப் சர்வர் ஏன் மெதுவாகிறது? பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் என்ற மென்பொருள், விஎம் டிஸ்க்கை 4 எம்பி துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் எஸ்எச்ஏ-256 கணக்கில் ஓர் அடையாளம் போடுகிறது. அதே அடையாளமுள்ள துண்டு ஏற்கெனவே இருந்தால் மறுபடி சேமிப்பதில்லை. முப்பது நாள் நகல்களும் சில நாள் இடத்திலேயே அடங்குவது இதனால்தான். ஆனால் 4 டிபி தரவு என்றால் ஏறக்குறைய 10 லட்சம் துண்டுகள். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் ஹார்டு டிஸ்க்கில், தலை நகர்ந்து ஓர் இடத்தைப் பிடிக்கச் சுமார் 12 மில்லிநொடி ஆகும். துண்டுகள் சிதறிக் கிடந்தால், நகல் கெடாமல் இருக்கிறதா என்று எல்லாவற்றையும் சரிபார்க்கும்போது தலை இடம் மாறுவதற்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் போகும். அந்த நேரம் முழுவதும் டேலியும் பில்லிங்கும் அதே தலைக்காகக் காத்திருக்க வேண்டும்.

டிஸ்க் நிரம்புவது இன்னொரு ஆபத்து. பேக்கப் வளர்ந்துகொண்டே போகும் பொருள். இருப்பதைவிட அதிகமாக இடம் காட்டி ஒதுக்கியிருந்தால், ஒருநாள் பொது இடம் தீர்ந்துவிடும். அப்போது எழுத இடமில்லாமல் பக்கத்து விஎம்களும் நின்றுபோகும்.

விஎம்மில் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரே பெட்டிக்குள் தரவு கேபிளுக்கு வராமலே கைமாறுகிறது. விஎம்வேர் என்ற இன்னொரு ஹைப்பர்வைசரில் பேக்கப் விஎம் மற்ற விஎம்மின் டிஸ்க் ஸ்னாப்ஷாட்டை (ஒரு நொடியில் டிஸ்க் இருந்த நிலையை) தன்னோடு நேரடியாக இணைத்தே படித்துக்கொள்ளும். மேம்படுத்தும் முன் ஸ்னாப்ஷாட் எடுத்து வைக்கலாம், வேறு சர்வருக்கு எளிதாக மாற்றலாம். தவறாக அழித்த ஒரு ஃபைலைத் திரும்ப எடுக்க இது அருமையான ஏற்பாடு.

ஆனால் பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் ரெய்டு கன்ட்ரோலரே போய்விட்டால்? ஹைப்பர்வைசரைத் திரும்ப எழுப்ப பேக்கப் வேண்டும், பேக்கப்பைத் திறக்க ஹைப்பர்வைசர் எழ வேண்டும். வேலை இங்கேயே முட்டி நின்றுவிடும். தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தாலும் இதே கதி: ஹைப்பர்வைசரின் நிர்வாகக் கடவுச்சொல் ஒருவன் கையில் சிக்கினால், உள்ளே இருக்கும் பேக்கப் விஎம்மையும் அவன் ஒரே கட்டளையில் அழித்துவிடுவான். பேக்கப்புக்குத் தனி சர்வர் வைப்பதே பாதுகாப்பு என்று பிராக்ஸ்மாக்ஸின் கையேடே சொல்கிறது.

அதனால் என் பதில்: மென்பொருள் விஎம்மில் ஓடினாலும் ஓடட்டும், நகல்களில் ஒன்றாவது தனி இரும்புப் பெட்டியில், தனி டிஸ்க்கில், வேறு கடவுச்சொல்லோடு இருந்தே ஆக வேண்டும். பழைய ஐ5 கணினி, 16 ஜிபி ரேம், இரண்டு பெரிய ஹார்டு டிஸ்க் ஒரு கடைக்குப் போதும். முடிந்தால் அது வேறு கட்டடத்திலும் இருக்கட்டும். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை ஊரே பார்த்தது. தரைத்தளத்தில் மட்டும் வைக்காதீர்கள். கப்பலூரில் குடோன் இருப்பவர்கள் இரண்டாவது பெட்டியை அங்கே வைத்து, கடையிலிருக்கும் நகலை இரவில் அதுவே இழுத்துக்கொள்ளும்படி செய்யலாம். இழுப்பது அந்தப் பக்கம் என்பதால், கடை சர்வரைப் பிடித்தவன் கையில் குடோன் கடவுச்சொல் இருக்காது.

திரும்ப எடுக்கும் நேரத்தையும் இன்றே கணக்குப் போட்டுவிடுங்கள். ஜிகாபிட் கேபிளில் நடைமுறையில் நொடிக்கு 110 எம்பி வரும். 2 டிபி திரும்பி வர ஐந்து மணி நேரம். மாதாந்திர மின்தடை நாளில் கடை மந்தமாக இருக்கும்போது, ஜெனரேட்டர் இருந்தால், ஒரு விஎம்மை உண்மையாகவே மீட்டுப் பாருங்கள். நகல்களைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி என்கிரிப்ட் செய்திருந்தால் அந்தச் சாவியைக் காகிதத்தில் அச்சிட்டு எடுக்கும் வசதி பிராக்ஸ்மாக்ஸில் இருக்கிறது. அந்தக் காகிதத்தைச் சர்வர் அறையில் வைக்காமல், பத்திரங்களோடு வீட்டு லாக்கரில் வையுங்கள்.