'நாய் மாதிரி' என்றால் என்ன?

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத் தெற்கே சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைதோறும் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். என் பழைய மாணவி ஒருத்தி இப்போது பிரிட்டோரியா பக்கத்தில் ஒண்டர்ஸ்டபூர்ட்டில் கால்நடை மருத்துவம் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள், தனக்குப் பிடித்த ஆய்வுத் துறையைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுதித் தன் ஆயாவுக்கு வாசித்துக் காட்டினாள். தலைப்பு: 'குடல் அழற்சி நோயில் நாய் மாதிரி'. ஆயா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "சீக்காளியை நாய் மாதிரின்னு சொல்லலாமா கண்ணு?" என்று கேட்டாராம்.

ஆயா கேட்டது நியாயம்தான். 'நாய் மாதிரி அலைகிறான்' என்பது நம் ஊரில் ஏச்சு. ஆங்கிலத்தில் 'மாடல்' என்று இருந்ததை அகராதி பார்த்து 'மாதிரி' ஆக்கினாள்; அகராதியில் தவறில்லை, சொற்றொடரில்தான் தவறு.

'மாடல்' லத்தீனில் பிறந்த சொல். 'மோடுஸ்' என்றால் அளவு. 'மோடுலுஸ்' என்றால் சிறிய அளவு. அது இத்தாலியனில் 'மொடெல்லோ' ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. கட்டடம் கட்டுமுன் செய்து பார்க்கும் சின்ன உருவம் என்பது பழைய பொருள்களில் ஒன்று. அறிவியல் அதை எடுத்துக்கொண்டபோது, நேரே ஆராய முடியாத ஒன்றுக்குப் பதிலாக வைத்து ஆராயும் இன்னொன்று என்ற பொருள் வந்தது. மருத்துவத்தில் அந்த இன்னொன்று பெரும்பாலும் ஒரு விலங்கு.

நம் 'மாதிரி'க்கோ வேலை அதிகம். ஜவுளிக் கடையில் வெட்டித் தரும் துண்டுத் துணி மாதிரி. 'இந்த மாதிரி செய்' என்றால் விதம். 'அப்பா மாதிரி' என்றால் போல. பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுக்கும் ரத்தமும் மலமும் கூட மாதிரிதான். அப்படியானால் 'நாய் மாதிரியின் மல மாதிரி' என்று எழுத வேண்டி வரும். அந்தப் பெண் உண்மையிலேயே அப்படித்தான் எழுதியிருந்தாள். நான் சிரித்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

அவள் எழுதிய மற்ற சொற்களில் வம்பு இல்லை. 'அழற்சி' அருமையான ஆக்கம்: அழல் என்றால் நெருப்பு, ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேரிலும் நெருப்புத்தான் இருக்கிறது. 'நுண்ணுயிர்' அப்படியே 'மைக்ரோப்'. 1878இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் செதியோ, சிறிது, உயிர் என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி அதைப் பரிந்துரைத்தார். ஆயாவுக்கு எல்லாமே 'வயித்துப் பூச்சி'. அதை மட்டும் திருத்த வேண்டியிருந்தது, ஏனென்றால் குடலில் இருக்கும் நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை நமக்கு வேலை செய்பவை. அந்தக் கூட்டத்தின் விகிதம் கெடுவதை 'டிஸ்பயோசிஸ்' என்கிறார்கள். நுண்ணுயிர்ச் சமநிலைக் குலைவு என்று எழுதினால் போதும்.

சரி, நாய் எதற்கு? மனிதருக்கு வரும் நீடித்த குடல் அழற்சியில் இரண்டு முக்கியம்: குரோன் நோய், பெருங்குடல் புண் அழற்சி. ஆய்வுக்கூடத்துச் சுண்டெலிக்கு இவை தானாக வருவது அபூர்வம். குடிநீரில் ரசாயனம் கலந்து குடலைப் புண்ணாக்குவது வழக்கமான வழி. நாய்க்கு அந்த ஏற்பாடு தேவையில்லை. அதற்குத் தானாகவே நாள்பட்ட குடல் அழற்சி வருகிறது. நம் வீட்டிலேயே படுத்து, பன்னி சௌவின் (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு ஊற்றித் தரும் டர்பன் பண்டம்) குழம்பு ஒட்டிய ரொட்டியையும் நம் கையால் வாங்கித் தின்கிறது (கொடுக்கக் கூடாதுதான், யார் கேட்கிறார்கள்). நாயின் குடல் நுண்ணுயிர் மரபணுக்களை மனிதர், பன்றி, சுண்டெலி ஆகியவற்றோடு ஒப்பிட்ட 2018ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, பன்றியையும் சுண்டெலியையும் விட நாயே மனிதருக்கு நெருக்கம் என்று கண்டது. ஆய்வுக்காக நாயைக் கொல்லவும் வேண்டாம். உலாவப் போகும்போது அள்ளும் மலமே பல கேள்விகளுக்குப் போதும்.

ஆனால் எதில் நெருக்கம்? இங்கேதான் ஆயாவின் கேள்வி எனக்கு மறுபடி நினைவுக்கு வந்தது. 'போல' என்றால் எதில் போல என்று கேட்பது தமிழில் பழைய பழக்கம். தொல்காப்பியத்து உவமவியல் உவமையை வினை (செயல்), பயன், மெய் (வடிவம்), உரு (நிறம்) என நான்காகப் பிரிக்கிறது. புலி போலப் பாய்ந்தான் என்றால் வினை மட்டும்தான். அவனுக்கு வால் உண்டா என்று யாரும் தேடுவதில்லை.

ஆய்வில் மனிதருக்கு ஒப்பாக வைக்கும் விலங்கையும் அப்படித்தான் படிக்க வேண்டும். பிரிட்டோரியாவில் பிறந்த மாக்ஸ் தைலர் மஞ்சள் காய்ச்சலுக்குச் சுண்டெலியைப் பயன்படுத்தினார். மனிதரில் ஈரலைத் தாக்கும் அந்த வைரஸ், சுண்டெலியில் மூளையைத் தாக்கியது. மெய் ஒக்கவில்லை, பயன் ஒத்தது: விலை கூடிய குரங்குகளை மட்டுமே நம்பியிருந்த ஆய்வு வேகம் பிடித்தது, தடுப்பூசி வந்தது, 1951இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அவருடைய அப்பா ஆர்னால்டு தைலர்தான் ஒண்டர்ஸ்டபூர்ட் கால்நடை ஆய்வு நிலையத்தைத் தொடங்கியவர். அதனால் மாணவிக்கு இந்தக் கதை ஏற்கெனவே தெரியும், உவமவியல்தான் தெரியாது.

குடல் நோயில் நாயும் முழுக்க ஒத்துப்போகாது. பாக்சர் இன நாய்களுக்கு வரும் ஒரு வகைப் பெருங்குடல் அழற்சியில் ஈ.கோலை பாக்டீரியா குடல் சுவருக்குள்ளேயே புகுந்து குடியிருக்கும். குரோன் நோயாளிகள் சிலரிடம் காணப்படும் வகைக்கு அது உறவு. இங்கே ஒப்புமை பலமானது. 'ஃபியூசோபாக்டீரியம்' என்ற நுண்ணுயிரிலோ கதை தலைகீழ். குரோன் நோயுள்ள மனிதரில் அது கூடுகிறது. நலமான நாயின் குடலில் அது சாதாரணமாக இருக்கும், நோய் வந்தால் குறைகிறது. இரண்டு நோய்களையும் அருகருகே வைத்த 2016ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, சமநிலைக் குலைவு பாதி ஒத்தும் பாதி வேறுபட்டும் இருப்பதைக் காட்டியது. சமநிலை எவ்வளவு குலைந்தது என்று மனிதருக்கென்று வகுத்த கணக்கை நாய்க்கு அப்படியே போட்டால் சரிவராது. நாய்க்கென்று தனிக் குறியீட்டெண்ணே வைத்திருக்கிறார்கள். அதில் பித்த அமிலத்தை மாற்றித் தரும் 'ஹிரனோனிஸ்' என்ற பாக்டீரியாவுக்கு முக்கிய இடம். அது குறைந்தால் மற்றவையும் ஆட்டம் காண்கின்றன.

இனி சொல்லுக்கு வருவோம். 'மாதிரி உயிரினம்' என்பது புழக்கத்தில் உள்ளது. குற்றமில்லை, ஆனால் முன்மாதிரியாக வாழும் உயிரினமோ என்று தோன்றுகிறது. 'சோதனை விலங்கு' என்றால் கூண்டும் ஊசியும் கண்முன் வருகின்றன. வீட்டு நாய்க்கு அது பொருந்தாது. இலங்கைப் பாடநூல்களில் வரும் 'மாதிரியுரு' எனக்குப் பிடிக்கும். கணக்குக்கும் காலநிலைக்கும் அதையே வைக்கலாம். உயிருள்ள விலங்குக்கு 'ஒப்பு விலங்கு' போதும். எதில் ஒப்பு என்ற கேள்வியையும் அந்தச் சொல் கையோடு கொண்டுவருகிறது.

தலைப்பை இப்படி மாற்றினோம்: 'குடல் அழற்சி நோயில் நுண்ணுயிர்கள்: ஒப்பு விலங்காக நாய்'. உள்ளே 'மல மாதிரி' என்று இருந்ததை மட்டும் தொடவில்லை. ஆயாவும் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை; வீட்டு நாய்க்கு என்ன சோறு வைக்கலாம் என்றுதான் அடுத்ததாகக் கேட்டாராம்.