ரிப்போர்ட்டில் வைரஸ் இல்லை, மாத்திரையை நிறுத்தலாமா?

வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு பக்கமிருந்து சிகிச்சைக்கு வரும் எச்.ஐ.வி. நோயாளிகள் பலரும் கேட்பது இது: "வைரல் லோடு டெஸ்ட்ல ஒண்ணும் இல்லைன்னு வந்துடுச்சே டாக்டர், இன்னும் எதுக்கு மாத்திரை?" நியாயமான கேள்வி. "சாப்பிடுங்க, அவ்வளவுதான்" என்று அனுப்பிவிடுவது சரியான பதில் இல்லை என்பது என் கருத்து.

அந்தப் பரிசோதனை ரத்தத்தில் மிதக்கும் வைரஸைத்தான் எண்ணுகிறது. எச்.ஐ.வி. ஒரு ரெட்ரோவைரஸ். தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, நோயெதிர்ப்புக்கான நம் சிடி4 செல்லின் குரோமோசோமுக்குள்ளேயே செருகிவிடும். அதன் பிறகு நம் மரபணுக்களை இயக்கவும் அடக்கவும் செல் வைத்திருக்கும் ஏற்பாடுகள்தான் வைரஸின் மரபணுக்களையும் ஆட்டிவைக்கின்றன.

வைரஸ் டி.என்.ஏ.வின் முனையில் எல்.டி.ஆர். என்றொரு பகுதி உண்டு, அதுதான் சுவிட்ச். ஏதாவது தொற்று வந்து செல் விழித்துக்கொண்டால், என்.எஃப். கப்பா பி என்ற புரதம் உட்கருவுக்குள் நுழைந்து அந்த சுவிட்சில் ஒட்டுகிறது. வைரஸ் மரபணுவின் நகலெடுப்பு தொடங்கினாலும் பெரும்பாலும் கொஞ்ச தூரத்திலேயே நின்றுபோகும். அந்தத் தடையை நீக்குவது வைரஸின் சொந்தப் புரதமான டாட். டாட் வந்துவிட்டால் முழு நீள நகல்கள் வரும், அதிலிருந்து இன்னும் டாட், இன்னும் நகல்கள்.

செல் ஓய்வுக்குப் போனால் எல்லாம் தலைகீழ். என்.எஃப். கப்பா பி உட்கருவுக்கு வெளியே நின்றுவிடும். வைரஸ் இருக்கும் டி.என்.ஏ. பகுதி, கண்டில் இறுக்கிச் சுற்றிய நூல்போல ஹிஸ்டோன் புரதங்களில் சுருண்டுவிடும். புரதம் எதுவும் உருவாகாததால் நோயெதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படாது. நம் மாத்திரைகள் தடுப்பது வைரஸ் புதிய செல்லுக்குள் புகுந்து பரவுவதை. தூங்கும் செல்லில் அவை தடுக்க எதுவுமே நடப்பதில்லை. இப்படித் தூங்கும் வைரஸ் உள்ள செல்களின் சேமிப்பு, மாத்திரை சாப்பிட்டாலும் பாதியாகக் குறையவே சுமார் 44 மாதம் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மாத்திரையை நிறுத்தினாலோ, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலேயே வைரஸ் ரத்தத்தில் திரும்பிவிடுகிறது.

சரி, தூங்குவதை எழுப்பி அழித்துவிட்டால்? 2012இல் வோரினோஸ்டாட் என்ற புற்றுநோய் மருந்தால் ஓய்விலிருக்கும் செல்களில் வைரஸ் மரபணுவை எழுப்பிக் காட்டினார்கள். எழுந்தது, ஆனால் சேமிப்பு குறையவில்லை. டாட் புரதத்தை அடக்கி நிரந்தரமாகத் தூங்கவைக்கும் முயற்சியும் நடக்கிறது. உலகத்தின் பெரிய ஆய்வகங்களே இன்னும் இங்கேதான் நிற்கின்றன. அப்படியிருக்க, எச்.ஐ.வி.யை வேரோடு எடுக்கிறேன் என்று லேகியம் விற்பவரை நம்பி மாத்திரையை விட்டவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

மாத்திரையை விட்டவருக்கு டிபி வந்தால் இன்னும் சிக்கல். அந்தத் தொற்றே செல்களைத் தட்டியெழுப்பி வைரஸின் சுவிட்சைப் போடுகிறது. நெருக்கமான வீடுகள் உள்ள நம் பகுதியில் டிபி அரிதும் இல்லை. டிபி மருந்தான ரிஃபாம்பிசின், எச்.ஐ.வி. மருந்தான டொலுடெகிராவிரின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும் என்பதால், டொலுடெகிராவிரைக் கூடுதலாக ஒரு வேளை தர வேண்டியிருக்கும். இரண்டு டாக்டர்களிடமும் இரண்டு நோயையும் சொல்லிவிடுங்கள்.

போட்டில் நாள்கணக்காகக் கடலுக்குப் போகிறவர்கள், கிளம்பும் முன்பே எச்.ஐ.வி. மாத்திரை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் சொல்லிப் போதுமான மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று பயமாக இருந்தால் டப்பாவின் லேபிளைக் கிழித்துவிடலாம். ஆனால் மாத்திரையைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போகாதீர்கள், அதே டப்பாவில் மூடியை இறுக்கி வையுங்கள். ஈரத்தை உறிஞ்ச உள்ளே இருக்கும் சிறு பையையும் எடுத்துவிடாதீர்கள். சந்தேகம் எதுவானாலும் எய்ட்ஸ் உதவி எண்ணான 1097க்கு அழைத்துக் கேட்கலாம், கட்டணம் இல்லை.