குளிரில் ஓடுபவரின் வெப்பக் கணக்கு

ஐந்து டிகிரி குளிர். அரைக்கால் சட்டையும் மெல்லிய பனியனும் போட்டுக்கொண்டு ஒரு கூட்டம் சாலையில் ஓடிப்போகிறது. ஓரத்தில் நின்று கைதட்டுகிறவர்களோ கம்பளிக் கோட்டுக்குள் நடுங்குகிறார்கள். ஓடுகிறவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குகிறார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் வேகம் பிடித்துவிட்ட ஒருவருக்கு அந்த நேரத்தில் பெரிதாகக் குளிராது.

தசை எரிக்கும் ஆற்றலில் கால் பங்குதான் அசைவாக மாறுகிறது. மிச்சமெல்லாம் வெப்பம். 70 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் மணிக்குச் சுமார் 840 கிலோகலோரி செலவாகும். அதில் வெப்பமாக வெளிப்படுவது 700 வாட்டுக்கு மேல். ஒரு சிறிய அறை ஹீட்டரின் அளவு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது அதே உடல் தருவது 100 வாட்டுக்குள்தான்.

இவ்வளவு வெப்பத்தையும் வெளியே தள்ளியாக வேண்டும். வெயில் காலத்தில் அதற்காக ரத்தத்தின் ஒரு பங்கு தோலுக்குத் திருப்பப்படுகிறது, தசைக்குப் போவது குறைகிறது, இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. குளிரில் இந்த இழுபறி குறைவு. பாரிஸ், லண்டன், பெர்லின், பாஸ்டன், சிகாகோ, நியூயார்க் ஆகிய ஆறு மாரத்தான்களில் பத்தாண்டுகளில் ஓடி முடித்த ஏறத்தாழ 18 லட்சம் பேரின் நேரங்களை அலசி 2012இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நல்ல நேரம் கிடைத்தது 4 முதல் 10 டிகிரி வரையிலான குளிரில். நீண்ட தூரம் ஓட விரும்புகிறவர்கள் குளிர் காலத்தை நேசிக்க இந்த ஒரு காரணமே போதும்.

அப்படியானால் ஆபத்து எங்கே? ஈரத்தில், காற்றில், வேகம் குறையும் நிமிடத்தில்.

2018 பாஸ்டன் மாரத்தான் இதற்கு நல்ல பாடம். வெப்பநிலை ஐந்து டிகிரியை ஒட்டித்தான் இருந்தது. காகிதத்தில் பார்த்தால் சாதனைக்கு ஏற்ற நாள். ஆனால் கொட்டும் மழை, முகத்தில் அறையும் எதிர்க்காற்று. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். நனைந்த துணி தோலோடு ஒட்டிக்கொண்டதும், ஆடைக்குள் காப்பாக இருந்த காற்றடுக்கு போய்விட்டது. முன்னணி வீரர்களே பலர் பாதியில் விலகினார்கள். பெண்கள் பிரிவில் வென்ற டெஸ் லிண்டனின் நேரம் 2:39:54. அந்தப் போட்டியில் நாற்பது ஆண்டுகளில் வெற்றி பெற்ற பெண் ஒருவரின் மிக மெதுவான நேரம் அது. தொடக்கத்திலேயே விலகிவிடலாமா என்று யோசித்த அவர், சக வீராங்கனை ஷலேன் ஃப்ளானகன் கழிப்பறைக்கு ஒதுங்கியபோது அவருக்காக வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தார். பிறகு கூட்டத்தோடு மீண்டும் சேர்ந்துகொள்ள உதவினார். காற்றுத் தடுப்பு ஜாக்கெட்டையும் அவர் கழற்றவில்லை. எனக்கு அந்த ஓட்டத்தில் பிடித்தது இந்த இரண்டும்தான்.

காற்றைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓடுகிறவர் தனக்கான காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறார். மணிக்கு 12 கிலோமீட்டரில் ஓடும்போது அதே வேகத்தில் எதிர்க்காற்று வீசினால், தோலில் படுவது 24 கிலோமீட்டர் காற்று. திரும்பி வரும்போது, பின்னாலிருந்து வீசும் அதே காற்று ஏறக்குறைய இல்லாததுபோல் ஆகிவிடும். அதனால்தான் பயிற்சிக்குப் போகும்போது முதல் பாதியைக் காற்றுக்கு எதிராக, உடம்பு வியர்க்கும் முன் முடித்துவிடுவது நல்லது. வியர்வையில் நனைந்த பிறகு எதிர்க்காற்றில் மாட்டினால் உடல் வேகமாகக் குளிர்ந்துவிடும்.

போட்டியில் பாதையைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனால் யாருக்குப் பின்னால் ஓடுவது என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். 1953 எவரெஸ்ட் பயணத்தில் உடலியங்கியல் வல்லுநராக இருந்த கிரிஃபித் ப்யூ, செயற்கையாகக் காற்று வீசச்செய்யும் அறையில் ஓட்டக்காரர்களை ஓடவிட்டு 1971இல் முடிவுகளை வெளியிட்டார். ஒருவருக்கு ஒரு மீட்டர் பின்னால் ஓடுபவருக்கு, காற்றின் தடையில் 80 சதவீதம் குறைந்துவிடுகிறது. வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் அது 6 சதவீதத்துக்கும் மேல் ஆக்ஸிஜனை மிச்சப்படுத்தியது. நம் வேகத்தில் இவ்வளவு கிடைக்காது. ஆனால் பலத்த எதிர்க்காற்றில் நன்றாகவே தெரியும். ஒரே வேகத்தில் ஓடக்கூடிய நான்கைந்து கிளப் நண்பர்கள் முறைபோட்டு முன்னால் போனால் எல்லோருக்கும் லாபம்.

தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் காத்திருக்கும் அந்த அரை மணி நேரம் வேறு வகைச் சிக்கல். அப்போது ஹீட்டர் அணைந்திருக்கிறது. தசையின் வெப்பநிலை ஒரு டிகிரி குறைந்தால் குதிப்பது, விரைந்து பாய்வது போன்றவற்றில் அதன் திறன் 4 முதல் 5 சதவீதம் குறைகிறது. கழிப்பறை வரிசை நீளுவதற்குப் பதற்றம் மட்டும் காரணமில்லை. குளிரில் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி, ரத்தம் உடலின் நடுப்பகுதிக்கு ஒதுங்குகிறது. நீர் அதிகமாகிவிட்டது என்று உடல் எடுத்துக்கொள்ள, சிறுநீரகம் அதை வெளியேற்றத் தொடங்குகிறது. பழைய ஸ்வெட்டரைக் கடைசி நிமிடம்வரை போட்டிருந்துவிட்டு, ஓடாமல் உதவிக்கு வந்திருக்கும் கிளப் ஆளிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். அப்புறம், நிற்கும்போதே கதகதப்பாக இருக்கும் அளவுக்கு உடுத்தினால் மூன்றாவது கிலோமீட்டரில் வியர்த்து நனைந்துவிடுவோம். உண்மையான வெப்பநிலையைவிடப் பத்து டிகிரி கூடுதல் என்று எண்ணி உடுத்துவது ஓட்டக்காரர்களின் வழக்கம்.

நுரையீரல் உறைந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். காற்று ஆழத்துக்குப் போவதற்குள் மூக்கும் மூச்சுக்குழாயும் அதைச் சூடாக்கி ஈரமாக்கிவிடுகின்றன. பிரச்சினை வறட்சிதான். பூஜ்ஜியம் டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 5 கிராமுக்கும் குறைவான நீராவியைத்தான் தாங்கும்; வெளிவிடும் மூச்சில் அதைப்போலப் பல மடங்கு. அந்த வித்தியாசத்தை மூச்சுப்பாதையின் உட்சுவர்தான் தர வேண்டும். ஓட்டம் முடிந்ததும் பலருக்கு வரும் வறட்டு இருமல் இதனால்தான். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாய் சுருங்கவும் கூடும். வாயை மூடும் மெல்லிய துணி வெளிமூச்சின் ஈரத்தைப் பிடித்து உள்மூச்சுக்குத் திருப்பித் தரும்.

சரி, ஓடி முடித்தாயிற்று. சாதாரண ஓட்டக்காரருக்கு மிகவும் கவனம் தேவைப்படுவது இந்த இடம் என்பது என் கருத்து. 700 வாட் உற்பத்தி சில நிமிடங்களில் படுத்துவிடுகிறது. ஆனால் வியர்வை ஆவியாவது நிற்பதில்லை. ஒரு லிட்டர் ஆவியானால் 580 கிலோகலோரி போய்விடும். விரல்களில்தான் முதலில் தெரியும். நெஞ்சில் குத்திய எண் அட்டையின் ஊக்கைக் கழற்றப் பார்ப்பார், விரல் வளையாது. முடிவுக் கோட்டில் தரும் பளபளப்பான தாள் காற்றையும் ஆவியாவதையும் தடுக்கும், அவ்வளவுதான். அதற்குள்ளேயும் ஈர உடைதான் இருக்கிறது. அதைக் கழற்றி உலர்ந்ததை மாற்றுவதுதான் முதல் வேலை.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போகும்போது பேச்சு குழறும், நடை தடுமாறும். பாதிக்கப்பட்டவருக்கே அது தெரியாமல் போகலாம், 'எனக்கு ஒன்றுமில்லை' என்பார். அவர் வழக்கமாக எப்படிப் பேசுவார், எப்படி நடப்பார் என்று அறிந்த கிளப் நண்பர்தான் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியும். குறிப்பாக, உடல் சூடேறாமலேயே நடுக்கம் நின்றுபோனால் குணமாகிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. கைத்தாங்கலாக மருத்துவக் கூடாரத்துக்கு உடனே அழைத்துப் போங்கள்.