தரங்கம்பாடி விடியலின் நிறம் போட்டோவில் ஏன் காணாமல் போகிறது?

நம் டெல்டா கரை கிழக்கு பார்த்தது, சூரியன் கடலிலிருந்தே கிளம்பி வரும். தரங்கம்பாடியில் 1620-ல் எழுந்த டேனிஷ் கோட்டையின் கடல் பக்கச் சுவர் முதல் வெளிச்சத்தில் தகதகவென்று நிற்கும். போனில் எடுத்துப் பார்த்தால் அதே சுவர் பத்து மணி வெயில் பட்டதுபோல வெளிறிக் கிடக்கும். ரொம்ப நாள் எனக்கு இது புரியவில்லை.

அடிவானச் சூரியனின் ஒளி, உச்சிப் பொழுதில் கடப்பதைவிட ஏறக்குறைய 40 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. 450 நானோமீட்டர் நீலம் 700 நானோமீட்டர் சிவப்பைவிட கிட்டத்தட்ட 6 மடங்கு அதிகமாகச் சிதறும் என்பதால், நீலமெல்லாம் வழியிலேயே சிந்திப்போய் மிச்சமிருக்கும் ஆரஞ்சும் சிவப்பும்தான் நம்மிடம் வந்து சேர்கின்றன. வெளிச்சத்தின் நிறச் சாயலைக் கேமரா தானாகவே சமன்செய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் இந்த நிறத்தைக் குறை என்று எடுத்துக்கொண்டு நீலத்தைக் கூட்டிச் 'சரிசெய்து' விடுகிறது. குண்டு பல்பு வெளிச்சத்திலும் வெள்ளைச் சட்டை வெள்ளையாகத் தெரியவேண்டும், அதற்காக வந்த வசதி அது. கடற்கரையில் அதை நிறுத்திவிட்டு பகல் வெளிச்சத்துக்கான டேலைட்டில், அதாவது ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் 5500 பக்கம் வையுங்கள்.

அப்புறம் கரையில் ஏற்றிவைத்த ஒரு ஃபைபர் படகைப் பாருங்கள். வெயில் விழும் பக்கம் தேன் நிறம், ஆனால் மணலில் கிடக்கும் அதன் நிழல் நீலம், ஏனென்றால் அங்கே சூரியன் எட்டவில்லை, வானத்தின் சிதறிய ஒளி மட்டும்தான் இறங்குகிறது. காலை வெளிச்சத்தின் உயிரே இந்த இரண்டு நிறமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுதான். எடிட்டிங்கில் படம் முழுக்க வார்ம் ஏற்றினால் நிழலின் நீலம் செத்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றியதுபோல ஆகிவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சூரியனும் படத்தில் இருந்தால் எக்ஸ்போஷரை, அதாவது சென்சாரில் பதியும் ஒளியை, ஒரு ஸ்டாப் குறையுங்கள், பாதியாகிவிடும். சென்சாரில் சிவப்புதான் முதலில் நிரம்பி வழியும், பிறகு பச்சை, அதனால்தான் ஆரஞ்சுத் தட்டு முதலில் மஞ்சளாகி அப்புறம் வெள்ளையாகிறது. வழிந்துபோனதை மீட்க வழியில்லை, இருட்டைத் தூக்கிவிடலாம். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைல் என்றால் இன்னும் நல்லது: ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 14 பிட் ராவில் 16,384.

நம் ஊரில் சூரியன் செங்குத்தாக ஏறும், முழு வட்டமும் வெளிவர இரண்டரை நிமிடம்கூட ஆகாது. செட்டிங்கை முன்பே முடித்துவிட்டு ஈரமணலில் குந்திக்கொள்ளுங்கள். நேர்மேலிருந்து பார்த்தால் தண்ணீர் 2 சதவீதம் ஒளியைத்தான் திருப்பும், பார்வை தாழத் தாழ கண்ணாடியாகிவிடும். அலை வடிந்ததும் வானம் அப்படியே மணலில் படுத்திருக்கும், சில நொடிகள்தான், நீர் உள்ளே இறங்கிவிடும்.