கட்டற்ற மென்பொருளும் பூம்பாறைப் பூண்டும்

பூம்பாறையில் பூண்டு போடும் அண்ணன் ஒருவர், மகளுக்குப் பள்ளியில் கொடுத்த பழைய மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கொடைக்கானலுக்கு என்னிடம் வந்தார். விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளமான உபுண்டுவை ஏற்றிக் கொடுத்தேன். கடிதம் எழுத, கணக்குப் போட உதவும் லிப்ரே ஆபிஸ் அதோடே வந்துவிடும். 300 ரூபாய் கேட்டதும் சிரித்தார். "இலவச சாஃப்ட்வேர்னு சொன்னீங்களே தம்பி, அப்புறம் எதுக்குக் காசு?"

தப்பு அவர்மேல் இல்லை. இலவசம் என்று வாய்தவறிச் சொன்னது நான்தான்.

இந்த மாதிரி மென்பொருளுக்கு ஆங்கிலப் பெயர் 'ஃப்ரீ சாஃப்ட்வேர்'. அந்த 'ஃப்ரீ'க்கு இரண்டு பொருள். காசில்லாமல் கிடைப்பது ஒன்று, தடையில்லாமல் இருப்பது இன்னொன்று. அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 செப்டம்பரில், தடையில்லாத இயங்குதளம் ஒன்றை எழுதும் குனூ திட்டத்தை அறிவித்துத் தொடங்கிவைத்த இயக்கம் பேசுவது இரண்டாவதை. அவரே 1985-இல் ஈமாக்ஸ் என்ற தன் மென்பொருளைக் காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றிருக்கிறார். விற்பதில் குற்றமே இல்லை.

ஆங்கிலத்துக்கு இருக்கும் இந்தக் குழப்பம் தமிழுக்குக் கிடையாது. இரண்டுக்கும் இரண்டு சொல் இருக்கும்போது, நாமாகப் போய் 'இலவச மென்பொருள்' என்று எழுதிக் குழப்பத்தை வாங்கிக்கொள்கிறோம். அண்ணன் மகளின் கணினி தமிழக அரசு 2011 முதல் கொடுக்கத் தொடங்கிய 'விலையில்லா மடிக்கணினி' வகை. இலவசம் என்ற சொல் கௌரவக் குறைச்சலாகப் பட்டதாலோ என்னவோ, 'விலையில்லா' வந்தது. ஆனால் இரண்டுமே விலையைப் பற்றிய பேச்சுதான். மலைக்கு மேற்கே இறங்கினால் கேரளம். அங்கே 'ஸ்வதந்த்ர' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு இந்தத் தகராறே இல்லை.

நம்மிடம் நிலைத்த சொல் 'கட்டற்ற'. தமிழ் விக்கிப்பீடியா தன்னைக் 'கட்டற்ற கலைக்களஞ்சியம்' என்று சொல்லிக்கொள்வதால் பலருக்குப் பழகிய சொல்தான். 'தளையறு மென்பொருள்' என்று எழுதுபவர்களும் உண்டு. அழகான சொல், ஆனால் பனையேறி காலில் மாட்டிக்கொள்வதும் தளைதான். அதை அறுத்தால் ஆள் கீழே விழுவார். 'கட்டற்ற' என்பதிலும் எனக்கு ஒரு சின்னக் குறை உண்டு. 'கட்டுக்கடங்காத' என்பதன் வாடை அதில் லேசாக அடிக்கிறது. இருந்தாலும் இருக்கிற சொற்களில் அதுதான் நேரானது.

சரி, எந்தக் கட்டு இங்கே இல்லை? அண்ணனிடம் பூண்டை வைத்துத்தான் விளக்கினேன். பூண்டுக்குத் தனியே விதை கிடையாது. தின்கிற பல்தான் விதை. ஒரு முழுப்பூண்டு கையில் இருந்தால் ரசத்துக்குத் தட்டிப் போடலாம், பிரித்து ஊன்றலாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம், பெரிய பல்லாகப் பார்த்துப் பொறுக்கி ஊன்றி நல்ல பூண்டாக்கி அதையும் கொடுக்கலாம். கட்டற்ற மென்பொருளின் நான்கு உரிமைகளும் ஏறக்குறைய இவைதான்: எதற்கும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி இயங்குகிறது என்று பார்த்து மாற்றலாம், படியெடுத்துக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம். நிரலாளர்கள் ஆயிற்றே, இவற்றைச் சுழியத்திலிருந்து மூன்று வரை எண்ணி வைத்திருக்கிறார்கள்.

கடையில் பூண்டு விழுதும் விற்கிறது. குழம்புக்கு அதுவும் ஆகும், ஆனால் ஊன்ற முடியாது. மனிதர் எழுதிய நிரலை இயந்திர மொழியாக அரைத்துக் கொடுக்கும் மென்பொருள் அந்த விழுது மாதிரி. அதைச் சும்மா கொடுத்தால்கூட விழுது விழுதுதான். இலவச மென்பொருள் என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும்.

அரைக்காத முழுப்பூண்டுக்கு மென்பொருளில் மூலநிரல் என்று பெயர். 'திறந்த மூலம்' என்ற சொல் இங்கிருந்துதான் வருகிறது. பேருந்து நிலையச் சுவர்களில் 'மூலம், பவுத்திரம்' விளம்பரம் பார்த்து வளர்ந்தவர்கள் இதைக் கேட்டதும் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். 'மூலமும் உரையும்' என்று நம் பழைய நூல்களைப் பதிப்பித்த மரபில் அது கௌரவமான சொல். 'திறமூலம்' என்று வினைத்தொகையாக எழுதினால், ஊறுகாய் போல, முக்காலத்துக்கும் ஆகும். எனக்குப் பிடித்தது அதுதான்.

ஆங்கிலத்தில் 'ஓப்பன் சோர்ஸ்' பிறந்தது 1998 பிப்ரவரியில். நெட்ஸ்கேப் நிறுவனம் தன் இணைய உலாவியின் மூலநிரலை வெளியிடப்போவதாக அறிவித்த சமயம், 'ஃப்ரீ' என்றாலே நிறுவனங்கள் மிரளுகின்றன என்று வேறு பெயர் தேடினார்கள். கிறிஸ்டின் பீட்டர்சன் முன்வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. இரண்டு பெயர்களும் பெரும்பாலும் ஒரே மென்பொருள்களைத்தான் குறிக்கின்றன. ஒன்று உரிமையைப் பேசும், மற்றது நிரலைச் சேர்ந்து எழுதுவதால் வரும் பலனைப் பேசும். இரண்டு தரப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் 'கட்டற்ற, திறமூல மென்பொருள்' என்று எழுதிவிடலாம்.

அண்ணன் விடவில்லை. "வாங்கிட்டுப் போறவன் விழுதாக்கி மட்டும் வித்தா?" நல்ல கேள்வி. அதற்காகத்தான் 1989-இல் குனூவின் பொது உரிமம் வந்தது. விழுதாக்கி விற்கலாம், ஆனால் விழுதை வாங்கியவருக்கு முழுப்பூண்டும் கிடைக்க வழிசெய்ய வேண்டும், நமக்குக் கிடைத்த அதே உரிமைகளோடு. உபுண்டுவின் உட்கருவான லினக்ஸ் கருநிரல் இந்த உரிமத்தின் கீழ்தான் இருக்கிறது. ஆக, கட்டற்றதிலும் ஒரு கட்டு உண்டு: பிறரைக் கட்டக் கூடாது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பிறந்த பெர்க்லி, எம்.ஐ.டி. உரிமங்களில் அதுவும் கிடையாது, விழுதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆப்பிளின் மேக் இயங்குதளத்துக்குள் பெர்க்லி வழி வந்த நிரல் நிறைய இருக்கிறது.

பெயர் மட்டும் வேறு கணக்கு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூண்டை எங்கே வேண்டுமானாலும் ஊன்றலாம், ஆனால் சமவெளியில் விளைந்ததை அந்தப் பெயரில் விற்க முடியாது. ஃபயர்பாக்ஸ் உலாவியின் கதையும் இதுதான். நிரல் எல்லோருக்கும் பொது, பெயரும் சின்னமும் அதை உருவாக்கும் மொசில்லாவின் வணிகக் குறி. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைத் தொகுப்பவர்கள் தாங்கள் மாற்றிய ஃபயர்பாக்ஸை அந்தப் பெயரில் கொடுக்க முடியாமல் 2006-இலிருந்து 'ஐஸ்வீசல்' என்று பெயர் வைத்துக் கொடுத்தார்கள். 2016-இல்தான் பழைய பெயர் திரும்பியது.

கடைசியில் அண்ணனுக்குச் சீட்டைத் திருத்தி எழுதினேன்: 'கட்டற்ற மென்பொருள், விலை இல்லை. ஏற்றிக் கொடுத்த கூலி 300.' நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டு 250 கொடுத்தார். மீதிக்கு அடுத்த வாரம் ஒரு கை பூண்டு வந்தது.